காற்றுக்காகச் சுற்றிப் போன வழி

1

போன சனிக்கிழமை, இங்கே இங்கிலாந்தில் நண்பகலானபோது, திருகோணமலைத் துறைமுகக் கரையில் நின்று என் மகள் தொலைபேசியில் கதைக்க, நான் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுதாகப் பத்து நிமிடம். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஊரில் இருக்கும் என் தங்கை வாசுகியும் நம்பவில்லை.

"உனக்கு லைன் கட்டாகியிருக்கும் அக்கா. நீயாவது, கதைக்காமல் இருக்கிறதாவது!"

லைன் நன்றாகத்தான் இருந்தது. எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் எழுத்துக் குழுவின் சட்டம். நான் அந்தக் குழுவில் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் உருப்படியாகப் பழகிக்கொண்டது இந்தச் சட்டத்தைத்தான். ஊரில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றி எழுதினால் என்ன என்று தோன்றியது.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய துறைமுக நகரத்தில். துறைமுகம் என்றதும் நம்முடையதை நினைத்துவிடாதீர்கள். இங்கே கடல் தினமும் இரண்டு தரம் வற்றிப்போகும். வள்ளங்கள் சேற்றில் சரிந்து கிடக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "வீட்டில் தங்காத கடலாக இருக்கிறதே" என்று கணவரிடம் சொன்னேன். இருபத்து நான்கு வருடமாக அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். மருத்துவமனை ஒன்றில் நோயாளர் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் தேடிக் கிடைக்காத கோப்பு இதுவரை இல்லை. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

2

சென்ற வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலையில் இருந்தபோது, தொலைபேசியில் 'ஆரணி' என்று மகளின் பெயர் விழுந்தது. எடுத்தால் ஓர் ஆணின் குரல். "இந்தத் தொலைபேசியின் சொந்தக்காரியை உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. நான் தமிழில், "நீங்கள் ஆர்? நீங்கள் ஆர்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பக்கத்து மேசைப் பெண்தான் தொலைபேசியை வாங்கிக் கதைத்தாள்.

ஆரணி சைக்கிளில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில், திருப்பத்தில் ஒரு வான் வண்டி தட்டிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. அவ்வளவுதான் என்று இப்போது எழுத முடிகிறது. அன்று அவசரப் பிரிவின் நடையில் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தாதி வந்து உரத்துக் கூப்பிட்டாள்.

"சிவபாதம்!"

சிவபாதம் என் அப்பா. அவர் இறந்து ஒன்பது வருடம். ஆனால் என் கடவுச்சீட்டில் அவருடைய பெயர் முன்னாலும் ரஜனி என்ற என் பெயர் பின்னாலும் இருப்பதால், இந்த நாட்டின் கணினிகளுக்கெல்லாம் நான்தான் சிவபாதம். திருத்தச் சொல்லி மூன்று தரம் படிவம் நிரப்பினேன். மூன்றாம் தரம் வந்த பதிலில், 'அன்புள்ள சிவபாதம், உங்கள் பெயர் இப்போது திருத்தப்பட்டுள்ளது' என்று இருந்தது. அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். அன்று அந்த நடையில் அப்பாவின் பெயரைக் கேட்டதும், அவரும் வந்திருக்கிறாராக்கும் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

ஆரணியின் கால் பொருந்திவிட்டது. என்னுடைய நடுக்கம்தான் இன்னும் நிற்கவில்லை. அவள் இருக்கும் இடத்தை நீலப் புள்ளியாகக் காட்டும் செயலி ஒன்றை இரண்டு பேருடைய தொலைபேசியிலும் போட்டுவைத்தேன். கோப்பு தேடும்போது ஒரு கண் அதில். புள்ளி நகராவிட்டால் ஏன் நகரவில்லை என்று பயம். நகர்ந்தால் ஏன் இவ்வளவு வேகமாக நகருகிறது என்று பயம்.

அவள் கட்டிலில் கிடந்த நாட்களில், அவள் இரவல் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். கதவில் ஓர் அறிவித்தல். 'சனிக்கிழமை காலை எழுதுகிறோம். பிஸ்கட் உண்டு.' வீட்டுக்குப் போனால் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன், அது அவளுக்கும் பிடிக்காது. ஆகவே உள்ளே போனேன்.

3

குழுவில் ஒன்பது பேர். கூட்டத்தைத் தொடக்குவதும் முடிப்பதும் ஜோன் என்ற பெண்மணி. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். முப்பது வருடம் இந்த நகரத்தில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் படி உடைந்தது என்பதெல்லாம் இன்றைக்கும் அத்துப்படி. முதல் நாளே நான் நிரப்பிய படிவத்தைப் பார்த்து, "வாருங்கள் சிவபாதம், உட்காருங்கள்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். திருத்த மனம் வரவில்லை. யாரோ அப்பாவை மரியாதையாக உட்காரச் சொன்னதுபோல் இருந்தது.

குழுவின் முறை இது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரத்து வாசிப்பார். வாசித்து, எல்லோரும் கருத்துச் சொல்லி முடியும்வரை எழுதியவர் பேசக்கூடாது. விளக்கம் சொல்லக்கூடாது. தலையாட்டவும் கூடாது. நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லத் தேவையில்லை. நம் கூட்டங்களில் கவிதை இரண்டு நிமிடம், விளக்கம் இருபது நிமிடம். முதல் மாதம் நான் ஐந்து தரம் குறுக்கே பேசி, ஐந்து தரமும் ஜோனின் விரல் உதட்டுக்குப் போனது. பிறகு பழகிவிட்டது. பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டால் சுலபம்.

சேர்ந்து செய்யும் வேலைகளும் உண்டு. ஒரே தாளில் இரண்டு பேர் மாறி மாறி வரி எழுதுவோம். மூடப்போகும் கடைகளுக்குப் போய் அங்கே நின்று எழுதுவோம். வருட முடிவில் எல்லாவற்றையும் பிரதியெடுத்துத் தைத்து நூலக வாசலில் வைப்போம். யாராவது எடுத்துப் போவார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை வழி எழுத வேண்டும். சின்ன வயதில் நடந்த ஒரு வழியை, அந்த ஊரையே அறியாத ஒருவர் நடந்து போகக்கூடிய மாதிரி எழுத வேண்டும். ஒருவர் வாசிப்பார். இன்னொருவர் கேட்டுக் கேட்டே பெரிய தாளில் படம் கீறுவார்.

4

நான் எழுதியது, திருகோணமலையில் மூதூர் லோஞ்ச், அதாவது குடாவைக் கடக்கும் பயணிகள் படகு, வந்து சேரும் இறங்குதுறையிலிருந்து எங்கள் வீடு வரைக்குமான வழி.

அப்பா மூதூரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். பாலங்கள் வராத காலம். காலையில் லோஞ்சில் போய்ப் பின்னேரம் லோஞ்சில் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் அவரைக் கூட்டிவர இறங்குதுறைக்குப் போவேன். சாப்பாட்டுக் கரியரை என்னிடம் தருவார். அவர் கையில் பெரும்பாலும் ஒரு தயிர்ச் சட்டி இருக்கும். தோப்பூர்ப் பக்கத்து எருமைத் தயிர், மண் சட்டியில் கனமாக உறைந்தது. அதைத் தென்னோலைப் பிடியில் தூக்கிக்கொண்டு நடப்பார்.

வழியை ஒழுங்காகவே எழுதினேன். இறங்குதுறையிலிருந்து வந்ததும் தேத்தண்ணிக் கடை. அதில் இடப் பக்கம் திரும்பிக் கரையோடு போக வேண்டும். பழைய களஞ்சியத்தின் மதில் வந்ததும் வலப் பக்கம். மதில் முடிய மறுபடியும் வலப் பக்கம். பிறகு வேம்பு நிற்கும் ஒழுங்கை, எங்கள் வீடு. 'இந்த வழியில் காற்று நன்றாக வரும். அப்பா எப்போதும் காற்றுக்காக இந்த வழியால்தான் போவார்' என்றும் எழுதியிருந்தேன். அந்த வரியை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வாசித்தது வேறொருவர். கீறியது ஜோன். கீறி முடித்துவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சதுரத்தின் மூன்று பக்கத்தைச் சுற்றுகிறீர்கள். நாலாவது பக்கத்தில் வீதி இல்லையா?" என்றார்.

நான் பேசக்கூடாது.

"வேலை முடிந்து களைத்து வருகிற மனிதர்," என்றார் ஜோன். "கையில் கனமான சட்டி. கூடவே ஒரு பிள்ளை. முப்பது வருடம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் சொல்கிறேன், அப்படி ஒருவர் காற்றுக்காக மூன்று பக்கம் சுற்றமாட்டார்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பேசும் நேரம் வந்ததும் நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். "எங்கள் ஊர் வெக்கை உங்களுக்குத் தெரியாது. காற்றுக்காக மனிதர் எவ்வளவு தூரமும் நடப்பார்கள்."

ஜோன் மறுக்கவில்லை. சதுரத்தின் நாலாவது பக்கம் வெறுமையாகக் கிடந்த அந்தத் தாளைச் சுருட்டி என்னிடம் தந்தார்.

5

இது நடந்தபோது ஆரணி திருகோணமலையில் இருந்தாள்.

கால் சரியானதும், விடுமுறைக்குத் தனியாக ஊருக்குப் போகப்போகிறேன் என்றாள். இருபது வயதுப் பிள்ளையைப் போகாதே என்று சொல்ல ஏலாது. ஆனால் நான் சொன்னேன். பாம்பு என்றேன், டெங்கு என்றேன், பஸ்காரர் ஓடுகிற ஓட்டம் என்றேன். கணவர், "நீ சொல்லுறதைக் கேட்டால் நாங்கள் ரெண்டு பேரும் அங்க பிறந்து தப்பி வந்ததே அதிசயம்" என்றார்.

விமான நிலையத்தில், உள்ளே போகும் வரிசையில் நின்றுகொண்டு, அவள் என் கண் முன்னாலேயே தொலைபேசியில் அந்தச் செயலியை அழித்தாள்.

"அம்மா, எனக்குப் பயமில்லை. கால் உடைஞ்சது எனக்கு. நான் சரியாயிட்டன். உங்கட பயத்தை நான் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போன பிறகு, நான் அனுப்பும் 'சாப்பிட்டியா?'வுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும். என்னுடைய தங்கை வீட்டில்தான் தங்கியிருந்தாள். வாசுகி செய்தி சொல்வாள்.

"உன்ர மகள் எல்லாரையும் நீ எண்டுதான் கதைக்கிறாள் அக்கா. கோயில் ஐயரையும் 'நீ எப்ப வருவாய்' எண்டு கேட்டாள். அவர் பயந்துபோனார்."

பிழை எங்களுடையது. வீட்டில் நாங்கள் அவளிடம் 'நீ' என்று கதைக்கிறோம், எங்களுக்கு மட்டும் 'நீங்கள்' சொல்லப் பழக்கியிருந்தோம். அவளுக்குத் தெரிந்த தமிழ் அந்த வீட்டுக்குள் கேட்ட தமிழ்தான்.

ஜோன் தந்த தாளைப் படம் எடுத்து, என் எழுத்தையும் சேர்த்து ஆரணிக்கு அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை, அதுதான் உண்மை. அன்று கட்டைவிரல் வரவில்லை. வசனமே வந்தது.

'இது நடக்கக்கூடிய வழியா? நான் நடந்து பாக்கட்டா? சனிக்கிழமை உங்கட குரூப் நேரத்தில எடுக்கிறன். ஜோனையும் இருக்கச் சொல்லுங்கோ.'

6

சனிக்கிழமை பன்னிரண்டரை, கூட்டம் முடியும் நேரம். அங்கே பின்னேரம் ஐந்து மணி, அப்பாவின் லோஞ்ச் வரும் நேரம். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தோம். ஜோன் புதுத் தாளொன்றை விரித்தார். விரிக்கும்போதே சட்டத்தையும் நினைவுபடுத்தினார். "உன் எழுத்தைத்தான் அவள் வாசிக்கப்போகிறாள். நீ பேசக்கூடாது, சிவபாதம்."

ஆரணி மேசைக்கு ஆங்கிலத்திலும் எனக்குத் தமிழிலும் கதைத்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கிறது என்றாள். தேத்தண்ணிக் கடை இருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது என்றாள். இடப் பக்கம் திரும்பினாள். அவள் மூச்சுக்கூடக் கேட்டது. செருப்புச் சத்தத்தில் இடது கால் கொஞ்சம் பிந்தி விழுகிறதா என்று காதைக் கொடுத்தேன். இல்லை.

"மதில் வந்திட்டுது. வலப் பக்கம் திரும்புறன். அம்மா, இங்க காத்து இல்லை."

ஜோன் தாளில் மதிலைக் கீறினார்.

"ரெண்டு பக்கமும் உயர மதில். சரியான வெக்கை. காத்து வாறதுக்கு வழியே இல்லை. மழை பெய்தால் வெள்ளம்தான் நிக்கும். நீங்கள் பிழையா எழுதியிருக்கிறீங்களோ?"

பிழையில்லை. அந்த மதிலின் பாசி நாற்றம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். ஜோனின் விரல் உதட்டில்.

ஆரணி திரும்பி நடந்து தேத்தண்ணிக் கடைக்கே வந்தாள். கடைக்காரரிடம் கேட்பது எங்களுக்குக் கேட்டது.

"நீ இங்க கனகாலமா இருக்கிறியா?"

ஒரு கிழச் சிரிப்பு. "மகள், நான் உங்கட வாப்பாவை விட மூப்பு. கிண்ணியாவில இருந்து வந்து இந்தக் கடை போட்டு நாப்பது வருசம். என்ன வேணும்?"

"சொறி, 'நீங்கள்' எண்டு சொல்லியிருக்கோணும். இதால நேரா ஒரு ரோட்டு போகுதே. என்ர அம்மப்பா அதால போகாமல் அந்த மதிலைச் சுத்திப் போவாராம். ஏன்?"

"எப்ப?"

"அம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்க."

அவர் ஒரு கண்ணாடிக் குவளையைக் கழுவும் சத்தம் வந்தது.

"அந்த நேரா ரோட்டில, நடுவில, மண் மூட்டை அடுக்கி ஆமிக்காரங்க சென்றி போட்டிருந்தாங்க மகள். மறிப்பாங்க, இறக்குவாங்க, ஒரு நாளைக்கு விடுவாங்க, ஒரு நாளைக்கு விடமாட்டாங்க. பொம்புளப் புள்ளயக் கூட்டிக்கொண்டு அதால ஆரு போற?"

ஆரணி அதை மேசைக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஜோனின் பென்சில், நாலாவது பக்கத்தில், கோடு கீறாமல் நின்றது.

அந்தச் சென்றி, போர்க்காலத்து ராணுவச் சோதனைச் சாவடி, இருந்தது எனக்குத் தெரியாததா? தெரியும். ஊரில் எத்தனை சென்றி, எந்தச் சந்தியில் எது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இந்த வழியோடு அதை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஒரு நாள், எனக்கு ஒன்பதோ பத்தோ வயது, "ஏன் அப்பா நேரா போகேல்ல?" என்று கேட்டிருக்கிறேன். அவர் தயிர்ச் சட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அங்கால காத்து நல்லா வரும் பிள்ளை" என்றார். அந்த மதிலுக்குள் வியர்வை அவருடைய சட்டையை முதுகோடு ஒட்டிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தும் அவர் சொன்ன காற்றை நான் நம்பினேன். எனக்கு அங்கே காற்று வந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து இன்னொரு நாட்டில், இன்னொரு மொழியில் எழுத உட்கார்ந்தபோதும் வந்தது.

அவர் பயந்துதான் இருப்பார். தினமும் பயந்திருப்பார். அந்தப் பயத்தில் ஒரு துளிகூட என் கையில் தரவில்லை. சாப்பாட்டுக் கரியரை மட்டும்தான் தந்தார்.

"அம்மா, நான் இப்ப நேரா ரோட்டால போறன்," என்றாள் ஆரணி.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு தானாக எழுந்தது. அங்கே இப்போது ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் எழுந்தது. ஜோன் இந்த முறை விரலை உதட்டில் வைக்கவில்லை. மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார். கடிதம் கொடுத்துக் கொடுத்துக் காய்த்த கை.

"சைக்கிள் கடை ஒண்டு. பிறகு சும்மா வெறும் வளவு. நடு ரோட்டில ஊர் சுத்துற மான் ரெண்டு படுத்திருக்கு, எழும்புதில்லை. நான் சுத்திப் போறன். இஞ்சதான் அது இருந்திருக்கும் போல. வேம்பு தெரியுது. அம்மா, வந்திட்டன்."

ஜோன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு நிமிடம். பிறகு நாலாவது பக்கத்தை ஒரே இழுப்பில் கீறினார்.

"அம்மப்பா உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறார்," என்றாள் ஆரணி. சிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள், முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

"ஓம்," என்றேன். வாசிப்பு முடிந்துவிட்டது, பேசலாம்.

7

குழுவில், வருட முடிவுத் தொகுப்புக்கு எந்தப் படத்தைப் போடுவது என்று கேட்டார்கள். இரண்டையும் போடச் சொன்னேன். என் எழுத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. காற்று பற்றிய வரியும் அப்படியே இருக்கிறது.

முந்தநாள் ஆரணி தானாகவே எடுத்தாள். பெயர் விழுந்ததும் வழக்கம்போல் கை ஒரு கணம் நின்றது. அவளுடைய குரல்தான்.

"அம்மா, ஒண்டு சொல்லுவன், கத்தக்கூடாது."

"சொல்லு."

"சின்னம்மாட சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லிக் கிராமத்துக்குப் போகப்போறன். அம்மன் கோயிலைப் பாத்திட்டு, கருவாடு காயவைக்கிறதைப் பாத்திட்டு வந்திடுவன்."

விபத்துக்குப் பிறகு அவள் சைக்கிளில் ஏறவில்லை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் போயிருக்கலாம். எனக்குச் சொன்னாள்.

சல்லிக்குப் போகும் நிலாவெளி வீதியில் ஓடுகிற பஸ்களும் லொறிகளும் என் தலைக்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. கவனம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. ஹெல்மெற், பிறேக், ஓரம், போனதும் செய்தி என்று ஒரு பட்டியலே வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"உப்புவெளி வரைக்கும் மெயின் ரோட்டால போகாத, பிள்ளை," என்றேன். "கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையால போ."

"ஏன்?"

"அங்கால காத்து நல்லா வரும்."

தொலைபேசியில் சைக்கிள் மணி ஒருதரம் அடித்தது.

"ஓம் அம்மா," என்றாள். "காத்துக்காகத்தான் போறன்."